சம்பந்தி வீட்டுப் பிரம்பு நாற்காலி

பட்டுனு ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டுச்சா? மத்தவங்களுக்கும் கேட்டிருந்தா யாராவது திரும்பியிருப்பாங்க. யாரும் திரும்பல. சுகந்தியம்மா பேசிக்கிட்டே இருக்காங்க, எங்கண்ணன் தலையாட்டிக்கிட்டே இருக்கார், இவர் மீன்தொட்டியப் பாத்துக்கிட்டு இருக்கார், எந்த வீட்டுக்குப் போனாலும் பேச வேண்டிய நேரத்துல வேடிக்கை பாக்க எம் புருஷனுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு கெடைச்சிரும். கோமதி, அசையாத. மூச்ச மெதுவா விடு. பிரம்புன்னா அப்படித்தான், உக்காந்தா ஒரு சத்தம், எந்திரிச்சா ஒரு சத்தம். இல்லயே, இது அந்தச் சத்தம் இல்லயே. இது அறுந்த சத்தம். அறுந்ததுக்கு அப்புறம் எனக்கு அடியில என்னமோ லேசா எறங்குச்சே. மேல மெல்லிசா ஒரு மெத்தை போட்டிருக்காங்க, அதனால வெளிய தெரியாது. தெரியக் கூடாது. ஆண்டவனே, வேற எங்கயாவதுன்னா பரவாயில்ல, மாப்பிள்ளை வீடு பாக்க வந்த எடத்துலயா? கட்டுனா ஆதவனத்தான் கட்டுவேன்னு எம்மக வல்லி ஒத்தக்கால்ல நின்னாளே, அந்த ஆதவனோட வீட்டுலயா, நடு ஹால்லயா? கோவில்பட்டில இருந்து ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வந்தேன், அந்தப் பலகை என்னத் தாங்குச்சு. வல்லி மெட்ராஸ்லயே இருக்கவ, இங்க வந்து எங்க கூடச் சேந்துக்கிட்டா. பொண்ணு எதுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குனு அண்ணன் முணுமுணுத்தார், அவளும் வரட்டுமேன்னு ஆதவனோட அம்மா, இந்தச் சுகந்தியம்மாதான் சொன்னாங்க. இப்ப உள்ள எலை தொடச்சுக்கிட்டு நிக்கிறா. நல்லவேளை, இந்தப் பக்கம் பாக்கல.

இந்த நாற்காலியப் பத்தித்தான் பேச்சே ஓடிக்கிட்டு இருக்கு. பிரம்புச் சாமானெல்லாம் மறுபடியும் வந்திருச்சாம். சோபாவ யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாங்களாம். வீட்ட அலங்காரம் பண்ணிக் குடுக்குற பொண்ணு ஒண்ணு வந்து, பிரம்பு போட்டாத்தான் வீடு மூச்சு விடும்னு சொல்லுச்சாம். மூச்சு விடுதோ இல்லயோ, நான் விட முடியல. தலைக்கு மேல தொங்குற வெளக்குக்கும் பிரம்புக் கூடை, கண்ணாடியச் சுத்தியும் பிரம்பு, அலமாரிக் கதவுலயும் பிரம்புப் பின்னல், செடித்தொட்டிக்குக் கூடப் பிரம்புல ஒரு சட்டை. எங்கண்ணன் எல்லாத்தையும் அடடா அடடானு கேட்டுக்கிடுதார். அவருக்கு மறந்து போச்சா, இல்ல மறந்த மாதிரி இருக்காரா? ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எங்க வீட்டுல ரெண்டு பிரம்பு நாற்காலி இருந்துச்சே. யாராவது வராங்கன்னா எங்கம்மா முதல் நாளே வெந்நியக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, பின்னல் சந்துலயெல்லாம் ஊத்தி, வெயில்ல கவுத்துப் போட்டுருவாங்க. மூட்டைப்பூச்சி. கொத்துக் கொத்தா விழும். விழுந்தத நாங்க பிள்ளைகளா சேந்து செருப்பால தேய்ப்போம். எங்கக்காவப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மட்டும் மழை. வெந்நி ஊத்தியும் காயல, ஈரத்துக்கு எல்லாம் உள்ள போயி ஒளிஞ்சிருந்துச்சு. மாப்பிள்ளையோட சித்தப்பா உக்காந்தார், நெளிஞ்சார், எந்திரிச்சார், மறுபடி உக்காந்தார், பேசிக்கிட்டே கை பின்னால போச்சு. எங்கம்மா அடுப்படி வாசல்ல நின்னு சேலத் தலப்பக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கலந்து பேசிச் சொல்லுதோம்னு சொல்லிட்டுப் போனாங்க, போனவங்கதான். யாரும் பூச்சின்னு வாயத் தொறக்கல, நாங்களும் சொல்லல, ஆனா எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு நெனச்சேன், எனக்குனு ஒரு வீடு வந்தா இந்தப் பிரம்ப வாசப்படி ஏத்த மாட்டேன்னு. ஏத்தவும் இல்ல. இரும்பு நாற்காலிதான் வாங்குனேன், அப்புறம் சோபா. நாங்க மானம் போகுதுன்னு தூக்கி எறிஞ்சத இவங்க ஆசப்பட்டு வாங்கிக் கூடத்துல போட்டிருக்காங்க, நான் அதுல வந்து மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். சிரிப்புக் கூட வருது. சிரிச்சா உடம்பு குலுங்கும், வேணாம்.

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல மனுஷங்களப் பாக்க மாட்டேன், நாற்காலியத்தான் பாப்பேன். காலு நேரா இருக்கா, பலகை மரமா, கைப்பிடி ரெண்டும் என்ன உள்ள விடுமா? கட்டில் கெடந்தா கும்பிட்டுட்டு அதுல உக்காந்துருவேன். இங்கயும் வந்ததும் பாத்து வச்சுட்டேன், அந்தத் தேக்கு பெஞ்சு. அண்ணனும் இவரும் உக்காந்த மிச்சத்துல ஓரமா உக்காந்துக்கலாம்னு போனேன். சுகந்தியம்மா கையப் புடிச்சுட்டாங்க. அதுல முதுகு வலிக்கும், நீங்க இதுல உக்காருங்க, இந்த வீட்டுலயே எனக்குப் பிடிச்சது இதுதான்னாங்க. அவங்களுக்கென்ன, கொத்தவரங்கா மாதிரி இருக்காங்க, காலையில எந்திரிச்சு யோகா பண்றவங்க. வேண்டாம்னு நான் சொன்னா என்னய மேலயும் கீழயும் ஒரு பார்வை பாப்பாங்க, ஏன்னு அவங்களுக்கே புரிஞ்சிரும். அந்தப் பார்வைக்குப் பயந்து உக்காந்தேன். எப்பவும் போல பாதி பாரத்தக் காலுலயே வச்சுக்கிட்டுத்தான் உக்காந்தேன், தொடை நடுங்க நடுங்க. காப்பி வந்துச்சு, நல்ல காப்பி, கள்ளிச்சொட்டு மாதிரி, அந்த ருசியில மறந்து பூராவும் சாஞ்சுட்டேன். புத்தி கெட்டவளே, ஒரு காப்பிக்கா? சங்கரன்கோவில் கல்யாணத்துல ஒடைஞ்சுச்சே பிளாஸ்டிக் நாற்காலி, அன்னைக்குப் பட்டது பத்தாதா? பந்திக்குக் காத்துக்கிட்டு இருந்தேன், நாலு காலும் நாலு தெசைக்குப் போச்சு, நான் தரையில. அதோட போயிருந்தா பரவாயில்ல. வீடியோக்காரன் புடிச்சுட்டான். கொழுந்தன் வீட்டுல எல்லாரும் கூடியிருந்து கல்யாண வீடியோ போட்டப்ப அந்த எடம் வந்துச்சு. சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தன் அதப் பின்னால ஓட்டிக் காட்டுனான். நான் தரையில இருந்து அப்படியே மேல வரேன், காலெல்லாம் வந்து ஒட்டுது, நான் நாற்காலில சாதாரணமா உக்காந்திருக்கேன். பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுச்சு. மறுபடி போடு, மறுபடி போடுனு ஒரே கூச்சல். நான் அடுப்படில பூண்டு உரிச்சுக்கிட்டே கதவு வழியா பாத்தேன், வெளிய வரல. வல்லிதான் போயி டிவி ஒயரப் புடுங்குனா. பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை, பெரியவங்க அத்தன பேர் முன்னால நின்னு, எங்கம்மா விழுந்தா உங்களுக்கு என்ன சிரிப்புன்னு கேட்டா. எனக்காக அவ கேட்டா, நான் உள்ளயே இருந்துக்கிட்டேன். அதுல இருந்து எனக்கு எந்த நாற்காலியப் பாத்தாலும் பயம்.

பட்டு. இன்னொண்ணு. இந்தத் தடவ கொஞ்சம் பெருசு, ஆனா அண்ணன் அந்நேரம் பாத்துச் செருமுனார், புண்ணியவான். முட்டு ரெண்டும் மேல வருது, நான் கீழ போறேன். அறுந்த முனை ஒண்ணு சேலையத் தாண்டித் தொடையில குத்துது. மயில்கழுத்துப் பட்டு, வல்லி நிச்சயத்துக்குனு எடுத்தது, இன்னைக்கே கட்டிக்கம்மான்னு அவதான் போன்ல சொன்னா. கைப்பிடிய அழுத்தி எந்திரிக்கலாமா? அழுத்துனா கைப்பிடியும் முனகுது. இவர்கிட்டச் சொல்லலாம். கண்ணக் காட்டுனேன். மீன விட்டுட்டு என்னயப் பாத்தார், ஒரு நிமிஷம் யோசிச்சார், சட்டப் பையத் தட்டிக் காட்டி மாத்திரை போட்டாச்சுன்னு தலையாட்டிட்டு மீனுக்கே போயிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தி லாபம் இதுதான். சரி, பேசி முடிக்கட்டும், எல்லாரும் எந்திரிச்சு உள்ள போகட்டும், கடைசியா நான் மெதுவா, யாரும் பாக்காதப்ப... ஐயையோ. அது நடக்காதே. நான்தானே முதல்ல எந்திரிக்கணும். வர்ற வழியில அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. பிடிக்கலைன்னா காப்பித் தண்ணியோட நிறுத்திக்கிடணும், எலையில உக்காந்து கை நனைச்சுட்டா சம்மதம்னு அர்த்தம், அப்புறம் பேச்சு மாறக் கூடாது. நம்ம வழக்கப்படி பொண்ணப் பெத்தவ எந்திரிச்சாத்தான் நாங்க எந்திரிப்போம் கோமதி, உனக்கு மனசு ஒப்பலைன்னா இருந்த எடத்துலயே இரு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்னார். அவர் அப்படிச் சொன்னதுக்கும் காரணம் நான்தான். ஆதவன் எம்மகள விட ரெண்டு வயசு சின்னவன். அதச் சொல்லி ஒரு வருஷமா நான் ஆடுன ஆட்டம் கொஞ்சமா? ஊரு சிரிக்கும்னேன். சாப்பிடாம கெடந்தேன். வல்லி எதுத்துப் பேசல, சரிம்மா, உனக்கு எப்ப மனசு வருதோ அப்ப வரட்டும்னா, அவ்வளவுதான். போன மாசம்தான் சரின்னேன். சரின்னு வாயிதான் சொல்லுச்சு, மனசு இன்னைக்குத்தான் சொல்லுச்சு. வாசல்ல வெயில்ல கெடந்த எங்க செருப்பையெல்லாம் அந்தப் பையன் நெழலுக்கு நகத்தி வச்சான். யாரும் பாக்கலைன்னு நெனச்சு வச்சான், நான் பாத்தேன். எனக்கு அது போதும். நான் சந்தோஷமாத்தான் இருக்கேன், என்னால எந்திரிக்கத்தான் முடியல.

"வாங்க, எலை போட்டாச்சு, ஆறிரும்"னு சுகந்தியம்மா எந்திரிச்சு நிக்கிறாங்க. அவியல் வாசனை வருது, நெய் உருக்குன வாசனை வருது. ஆதவன் தண்ணிச் சொம்போட நிக்கிறான். அண்ணன் என்னயப் பாக்கிறார். இவர் என்னயப் பாக்கிறார். வல்லி உள்ள இருந்து எட்டிப் பாத்து, சிரிச்ச முகமா என்னயப் பாக்கிறா. எந்திரி கோமதி. கைய ஊனுனேன், முன்னால சாஞ்சேன், குண்டி மட்டும் வரல, சேல எங்கயோ மாட்டி இழுக்குது, கீழ நெறுநெறுன்னு ஒரு சத்தம். திரும்பவும் சாஞ்சுட்டேன். சாஞ்சது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? எந்திரிக்கப் போனவ மனசு மாறி உக்காந்த மாதிரித்தானே தெரிஞ்சிருக்கும். நாற்காலி பிஞ்சு போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே. சொல்லு. சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் ஓடி வருவாங்க. ஆளுக்கு ஒரு கையப் புடிப்பாங்க. மெத்தைய எடுப்பாங்க, ஓட்டையப் பாப்பாங்க, ஓட்டையோட அளவப் பாப்பாங்க, அப்புறம் என்னயப் பாப்பாங்க. நாளைக்குக் கல்யாணம் ஆகி, பேரப்பிள்ளை பெறந்து, அதுக்குக் காது குத்துறப்பவும், உங்க அம்மாச்சி மொத மொத வந்த அன்னைக்குனு ஆரம்பிப்பாங்க. நான் பேசல. சுகந்தியம்மா முகத்துல இருந்த சிரிப்பு போகவும் இல்ல, இருக்கவும் இல்ல. அண்ணன் எந்திரிக்கப் போனவர் பெஞ்சுல நல்லா அழுந்தி உக்காந்து, துண்ட எடுத்துத் தோள்ல போட்டார்.

"வீடு பாத்தாச்சு, ரொம்பச் சந்தோஷம். ஊருக்குப் போயி கலந்து பேசிச் சொல்லுதோம்"னார்.

அதக் கேட்டதும் எனக்கு என்ன தோணிச்சு? அப்பாடான்னு தோணிச்சு. ஆமா, பெத்த தாயிக்கு அப்படித்தான் தோணிச்சு. மனசு ஒப்பாதவன்னு நெனச்சா நெனைக்கட்டும், திமிரு புடிச்சவன்னு நெனச்சா நெனைக்கட்டும், குண்டச்சி நாற்காலிய ஒடைச்சுட்டான்னு மட்டும் நெனைக்கக் கூடாது. திமிருன்னா அதுல ஒரு கெத்து இருக்கு. வல்லி கையில இருந்த டம்ளரக் கீழ வச்சுட்டு வந்தா. எனக்கு முன்னால குத்தவச்சு உக்காந்தா, எம் முட்டுல கைய வச்சா. முட்டு ஏன் இவ்வளவு மேல இருக்குன்னு அவளுக்குத் தோணல, எம் முகத்தத்தான் பாத்தா. "அவன் சின்னவன்ங்கிறதுதானாம்மா இன்னும்?"னு கேட்டா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. இல்லட்டி, அது இல்லட்டி. இல்லன்னு தலையாட்டுனா அப்ப வேற என்னன்னு கேப்பா. நான் தலையாட்டல. பிரம்பு வெளக்க அண்ணாந்து பாத்தேன். அந்த வெளக்குல என்ன இருக்குன்னு பாத்தேன், ஒண்ணும் இல்ல, பல்புதான் இருந்துச்சு. சரிம்மான்னா. ஒரு வருஷமா சொன்ன அதே சரிம்மா. அழல, சண்டை போடல, எந்திரிச்சா, ஆணியில மாட்டியிருந்த பைய எடுத்துத் தோள்ல போட்டா. போலாம் மாமான்னு எங்கண்ணன்கிட்டச் சொன்னா. ஆதவன் சொம்ப வச்சுக்கிட்டு அவளப் பாத்தான், அவ அவனப் பாக்கல. சுகந்தியம்மா போட்ட எலைகளப் பாத்துக்கிட்டு நின்னாங்க, ஓரத்துல வச்ச உப்ப என்ன செய்றதுன்னு தெரியாதவங்க மாதிரி. அப்பவும் நான் வாயத் தொறக்கல. இவ எனக்காக அன்னைக்கு ஒயரப் புடுங்குனவ, இன்னைக்கு எனக்காகத் தன் வாழ்க்கைய விட்டுட்டுக் கெளம்புறா, நான் பின்பக்கத்த மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அண்ணன் எந்திரிச்சார். இவர் எந்திரிச்சார். வா கோமதின்னார் அண்ணன். அப்பத்தான் ஒறைச்சுச்சு, அடக் கூறு கெட்டவளே, போறதுக்கும் எந்திரிக்கணுமே.

"ஏட்டி வல்லி, கை குடு. நாற்காலி பிஞ்சு போச்சு. நான் உள்ள போயிட்டேன், எந்திரிக்க முடியல. எனக்கு முழுச் சம்மதம்."

இந்த நாலையும் ஒரே மூச்சுல சொன்னேன், எது முதல்ல வந்துச்சுன்னு எனக்கே தெரியல. ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. புரிஞ்சதும் அண்ணன் சிரிச்ச சிரிப்பு அடுத்த பிளாட்டுக்குக் கேட்டிருக்கும். ஆதவன் ஒரு கை, வல்லி ஒரு கை. தூக்குறப்ப மெத்தை ஓட்டை வழியா கீழ விழுந்துச்சு, பட்டு ஒரு சாண் கிழிஞ்சுச்சு. ஆதவன் எம் முகத்தத் தவிர வேற எங்கயும் பாக்கல, அத்தை அடி பட்டுச்சான்னு மட்டும் கேட்டான். சுகந்தியம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான், உங்கள இதுல உக்கார வச்சேனேன்னு என்னய விட அவங்க கூசுறாங்க. நான் நெனச்ச ஒண்ணுமே நடக்கல. யாரும் ஓட்டைய அளக்கல. அண்ணன் சிரிச்சதும் நல்ல சிரிப்புத்தான், கல்யாணம் முடிவான சிரிப்பு. எல்லாரும் என்ன நல்லவன்னு நெனைக்கிறாங்க, பாவம், கஷ்டப்பட்டு உக்காந்திருந்தாளேன்னு நெனைக்கிறாங்க. எனக்கு மட்டும் உள்ள ஒண்ணு அறுத்துக்கிட்டே இருக்கு. வல்லிக்காகச் சொன்னேனா? எப்படியும் எந்திரிச்சுத்தான் ஆகணும்னு தெரிஞ்சதால சொன்னேனா? அண்ணன் வா கோமதின்னு கூப்பிடாம, என்ன அந்த நாற்காலியோடயே விட்டுட்டு எல்லாரும் போயிருந்தா, நான் பாட்டுக்கு இருந்திருப்பேனா? இருந்திருக்க மாட்டேன். இருந்திருப்பேனோ? யோசிக்காத, கை கழுவு, எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. வாஷ்பேசின் பக்கத்துல வல்லி துண்டோட நிக்கிறா. முகத்துல கோவம் ஒண்ணும் இல்ல. கோவம் இருந்தா நான் சமாளிச்சுக்குவேன், அவ கோவத்துக்குப் பூண்டு ரசம் வச்சுக் குடுத்தாப் போதும்.

"நான் பைய எடுத்து மாட்டுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தியேம்மா"ன்னா.

இல்லன்னு சொல்லலாம். வலின்னு சொல்லலாம், நாக்கு எழலைன்னு சொல்லலாம், நம்புவா, நான் எதச் சொன்னாலும் நம்புறவதான். ஆமாட்டின்னேன். கேட்டுக்கிட்டா. துண்ட என் கையில குடுத்துட்டு, கிழிஞ்ச எடம் தெரியாம என் முந்தானையப் பின்னால இழுத்துச் சொருகி விட்டா. நான் தொடச்ச கையவே மறுபடி தொடச்சுக்கிட்டு வந்து எலை முன்னால உக்காந்தேன், கட்டை நாற்காலி, பயம் இல்ல. எம் பக்கத்துல அவளுக்குனு ஒரு எலை போட்டிருந்தாங்க. எதுத்த வரிசையில சுகந்தியம்மா பக்கத்துலயும் ஒண்ணு காலியா இருந்துச்சு. வல்லி ரெண்டையும் பாத்தா, அத்தை நான் இங்க உக்காந்துக்கிடுதேன்னு சொல்லி அவங்க பக்கத்துல போயி உக்காந்தா. எல்லாருக்கும் சந்தோஷம், இவருக்குக் கூட. தாலி ஏறுன பெறகு நடக்க வேண்டியது, இன்னைக்கே நடந்துருச்சு.